சாவி நம் கையில் இருக்கும்போது
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில் எழுதியபோது, சுங்கை சிப்புட்டில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகள் ஆலோசகராக வேலை செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இல்லங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வார்டன்கள், கணவரையோ மகனையோ அங்கே விட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் முழுவதும் இம்முறை அவர்களுக்கே.

*

கேள்வி: அக்கா, நான் பட்டம் பெற்று, ஆலோசகராகப் பதிவு செய்து, குடிநோய் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். போன மாதம் சேர்ந்த ஒருவர் நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக்காரர். எனக்கு மாமா முறை. அவர் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "மாமா என்னம்மா சொல்கிறார்? திருந்துவாரா?" என்று கேட்கிறார். பேசாமல் இருந்தால் "படித்ததும் கர்வம் வந்துவிட்டது" என்கிறார்கள். அம்மாவும் "ஒரு வார்த்தை சொன்னால் என்ன?" என்று கோபிக்கிறார். இல்லத்தில் நான் ஒருத்திதான் ஆலோசகர்.
– பெயர் வேண்டாம், பேராக்

பதில்: தங்கையே, அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மாரியம்மன் கோவில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா ஒருவர், இல்லத்தில் இருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். நல்லதுதானே என்று நினைத்து, "இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு நேரத்தில் அவருடைய மனைவி வந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "வீட்டில் நான் சோறு போடவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னாயா?" என்று கணவரிடம் சத்தம் போட்டார். கணவர் என் பக்கம் திரும்பிக் கேட்டது ஒரே கேள்வி: "வேறு என்னவெல்லாம் சொன்னீர்கள்?"

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் என் அறைக்கு வந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வரச் சொன்னதால் வந்தார். பேசவில்லை. வெளியே கிளினிக் வைத்திருக்கும் ஆலோசகரிடம் நம்பிக்கை போனால் ஒருவர் மறுவாரம் வராமல் இருந்துவிடலாம். இல்லத்தில் இருப்பவர் எங்கே போவார்? காலைப் பசியாறலில் என் முகம், குழுக் கூட்டத்தில் என் முகம், மாலையில் வாசலில் என் முகம். ஐந்தரை மணிக்கு என் மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும்போது நான் வீட்டுக்குப் போகிறேன். அவர் கேட்டுக்குள் இருக்கிறார். அந்த வேறுபாட்டை ஒரு நாளும் மறக்காத ஆலோசகர்தான் இல்லத்தில் வேலை செய்யத் தகுந்தவர் என்று நான் நினைக்கிறேன். கீழே எழுதியிருக்கும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து வருபவை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையே "இவர் எனக்கு உறவு" என்று பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வேறொரு ஆலோசகர் இருந்தால் அவரிடம் ஒப்படைப்பதுதான் முறை. இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஈப்போவிலோ வேறு ஊரிலோ இருக்கும் மூத்த ஆலோசகர் ஒருவரை மேற்பார்வைக்குக் கேட்டுக்கொண்டு, மாதம் இரு முறையாவது இவரைப் பற்றிப் பேசுங்கள். உறவுக்காரரிடம் நாம் சிலவற்றைக் கேட்கத் தயங்குவோம், சிலவற்றைக் கேட்காமலே தெரியும் என்று எண்ணிக்கொள்வோம். அதை வெளியில் இருப்பவரால்தான் பார்க்க முடியும்.

பிறகு மாமாவிடமே பேசுங்கள். "அத்தை வீட்டுக்கு வருகிறார், கேட்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். வேறு யார் வாயிலாகவாவது அவர் கேள்விப்படக் கூடாது. குடும்பத்துக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினால், எதை, யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "எல்லாவற்றையும் எல்லோருக்கும்" என்று ஒரு பொதுத்தாளில் சேர்க்கை நாளன்று வாங்கும் கையெழுத்தை நான் மதிப்பதில்லை. அன்று கை நடுங்கிக்கொண்டிருக்கும். எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே நினைவிருக்காது.

அத்தையிடம் சொல்ல வேண்டியதை நான் இப்படிச் சொல்வேன்: "அத்தை, நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். மாமாவைப் பற்றி நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். நாளைக்கு உங்களைப் பற்றி யாராவது கேட்டாலும் இப்படித்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேளுங்கள்." நல்லதைக்கூடச் சொல்லக் கூடாது என்பதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்லதை மட்டும் சொல்லிப் பழகினால், சொல்லாத வாரம் கெட்டது என்று அர்த்தமாகிவிடும்.

இன்னொன்று. அந்த அம்மா பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வெள்ளிதோறும் நடந்து வருகிறார் என்றால், அவருக்கும் பேச ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. குடும்பத்தாருக்கான கூட்டம் இல்லத்தில் இருந்தால் அங்கே வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தொடங்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவின் கோபம் கொஞ்ச நாளில் தணியும். என் அம்மாவுக்கு நான்கு ஆண்டு ஆனது.

*

கேள்வி: நான் பதினோரு ஆண்டுகளாகக் குடியைத் தொடாதவன். இப்போது ஓர் இல்லத்தில் வார்டன். என்னைத் திருத்தியவர்கள் மொட்டை அடித்து, கழுத்தில் "நான் பொய்யன்" என்று அட்டை மாட்டி, நடுவில் உட்காரவைத்து எல்லோரையும் ஏசச் சொன்னார்கள். அழுதேன், திருந்தினேன். புதிதாக வந்திருக்கும் ஆலோசகர் தம்பி இதெல்லாம் கூடாது என்கிறார். மெதுவாகப் பேசினால் குடிகாரன் கேட்பானா?
– ஒரு வார்டன், கெடா

பதில்: ஐயா, பதினோரு ஆண்டு என்பது நான் கைகூப்ப வேண்டிய கணக்கு. நீங்கள் பட்டதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அன்று உங்களோடு மொட்டை அடிக்கப்பட்டு உட்கார்ந்திருந்த மற்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொன்னார்களா, தெரியவில்லை. 1958ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்ல்ஸ் டெடரிக் என்பவர் சினனான் என்றொரு குடியிருப்பைத் தொடங்கினார். போதையை விட்டவர்களே போதையில் இருப்பவர்களைத் திருத்துவது என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. கூடவே, ஒருவரை நடுவில் வைத்து எல்லோரும் வாயால் தாக்குவதும் தலையை மழிப்பதும் இருந்தன. பல நாடுகளில் தோன்றிய இல்லங்கள் நல்லதோடு இதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. சினனான் போகப் போக வேறு பாதையில் போனது. 1978ல் அதை எதிர்த்து வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டியில் அதன் ஆட்கள் விஷப் பாம்பை வைத்தார்கள். அவரைப் பாம்பு கடித்தது, உயிர் பிழைத்தார். அவமானத்தை மருந்தாகக் கொடுக்கத் தொடங்கிய இடம் அங்கே போய் நின்றது.

ஆராய்ந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் கேளுங்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆலோசகர் எந்த அளவுக்கு மோதிப் பேசினாரோ அந்த அளவுக்கு, ஓராண்டு கழித்து அவரிடம் வந்தவர் அதிகம் குடித்திருந்தார். "நீ குடிகாரன், ஒத்துக்கொள்" என்று நாம் தள்ளத் தள்ள, அவர் "இல்லை" என்று எதிர்ப்பக்கம் தள்ளுகிறார். தள்ளித் தள்ளி, குடிக்கும் பக்கத்து நியாயங்களை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுகிறோம். குடியை விடவேண்டிய காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். நாம் கேட்டுக்கொண்டிருந்தால் வரும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அமெரிக்க ஆய்வு தேவைப்படவே இல்லை. நான் லயத்து வீட்டில் பிறந்தவள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது என் அம்மா வாங்கிய ஏச்சுகளைக் கேட்டு வளர்ந்தவள். பரம்பரை பரம்பரையாக ஏச்சு வாங்கியவர்கள் நாம். ஏச்சு விழும்போது முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே காதை அடைத்துக்கொள்ளும் வித்தை நம் பாட்டன் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். அந்த வித்தையோடு உங்கள் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பேச்சைக் கேட்கிறார் என்று நம்பாதீர்கள்.

கனிவாக இருப்பதால் விதிகள் தளர்ந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. விதி இருக்கட்டும். சமையல் முறை வந்தவர் சமைக்கவேண்டும். தவறினால் அடுத்த நாளும் அவர் முறை. எல்லோருக்கும் ஒரே விதி, முன்கூட்டியே தெரிந்த விதி. மொட்டையும் அட்டையும் விதியில் சேராது. உங்களிடம் இருப்பது அந்தத் தம்பியிடம் இல்லாத ஒன்று: இரவு இரண்டு மணிக்குத் தூக்கமில்லாமல் நடைபாதையில் உலாவுகிறவரோடு உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று உங்களால் சொல்ல முடியும். அதைச் சொல்லுங்கள், ஐயா. அதற்கு ஈடாக ஒரு படிப்பும் கிடையாது.

*

கேள்வி: என் கணவர் பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் சம்சு குடிக்கிறார். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. ஓர் இல்லத்தில் சேர்க்கப் போனேன். "நான்கு நாள் தனி அறையில் பூட்டிவைப்போம், மருந்து மாத்திரை எதுவும் இல்லை, தானாகத் தெளிந்துவிடும்" என்றார்கள். சேர்க்கலாமா?
– ஒரு மனைவி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை நீங்களாகப் போத்தலைப் பிடுங்கி ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஆறு மணி நேரம் போனதிலிருந்தே நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். நம் ஆட்கள் இதைப் பேய் பிடித்துவிட்டது என்று சாமியாடியிடம் கொண்டு போய், அங்கேயே உயிரை விட்டவர்கள் உண்டு. ஹெரோயினை நிறுத்தும்போது படும் வேதனை கொடியது. ஆனாலும் அது பொதுவாக உயிரை எடுப்பதில்லை. குடியை நிறுத்துவது எடுக்கும். மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்க மருந்தும் மூளையைக் காக்க வைட்டமின் பி1ம் கொடுப்பார்கள். உடல் தெளிந்த பிறகு இல்லத்துக்குப் போகலாம்.

இதைப் படிக்கும் ஆலோசகர்களுக்கு: சேர்க்கை நாளில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் குடித்தீர்கள்?" என்பதல்ல. "கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா?" என்று கேளுங்கள். பதிலைக் கடிகார நேரத்தோடு எழுதுங்கள்.

*

கேள்வி: தினமும் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். "நன்றாக இருக்கிறார்", "ஒத்துழைக்கவில்லை" என்பதற்கு மேல் என்ன எழுதுவது?
– பயிற்சி ஆலோசகர், ஜொகூர்

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி இது. நான் ஓய்வு பெறும் வரை புதியவர்களுக்கு ஒரே பயிற்சிதான் கொடுப்பேன்: ஒரே காலையை இரண்டு விதமாக எழுதிக் காட்டுவேன். முதல் விதம் இது:

"இன்று முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். எதிலும் ஆர்வமில்லை. குழுக் கூட்டத்தைப் புறக்கணித்தார்."

இரண்டாவது இது:

"காலை 7.40. பசியாற வரவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழுப்பியபோது, 'இன்றைக்கு என் மகளுக்குப் பிறந்த நாள், விடுங்கள்' என்றார். தலையணையைத் தரையில் எறிந்தார். 9 மணிக் கூட்டத்துக்கு வரவில்லை. 10.15க்குச் சமையலறையில் தேநீர் குடித்தார். மகளோடு தொலைபேசியில் பேச விருப்பமா என்று கேட்டேன், தலையசைத்தார். மாலை 6 மணிக்கு அழைக்க ஏற்பாடு. மாலை ஷிப்ட் பார்த்துக்கொள்ளவும். பேசிய பிறகு இரவு தனியாக விடவேண்டாம்."

முதல் குறிப்பைப் படித்துவிட்டு இரவு ஷிப்டுக்கு வருகிறவர் ஒரு முரடனைத்தான் எதிர்பார்த்து வருவார். இரண்டாவதைப் படித்துவிட்டு வருகிறவர் ஒரு தகப்பனைப் பார்க்க வருவார்.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். அவருடைய சொற்களை அவருடைய சொற்களாகவே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் கருத்து என்றால் "எனக்குத் தோன்றியது" என்று பிரித்து எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள்; மூன்று நாள் கழித்து எழுதுவது பாதி கற்பனை. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள்; தாளைக் கிழிக்காதீர்கள். எழுதும்போது அவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோப்பு இருக்கும் அலமாரி பூட்டியிருக்கட்டும். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இல்லவாசியின் புகைப்படத்தையோ அவர் சொன்னதையோ போடும் பழக்கம் இப்போது பரவியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது ஷிப்ட் மாற்றும் முறை ஆகாது. தயவு செய்து நிறுத்துங்கள்.

*

கேள்வி: இரவு நேரத்தில் ஓர் இளைஞர் என்னிடம் "வாழப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. என்ன செய்ய?
– ஒரு ஆலோசகர்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு வழியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். நீங்கள் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டதாகவும், டாக்டர் அவரைப் பார்த்துவிட்டதாகவும் மறுபதில் வந்தது. நெஞ்சு நிறைந்தது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை நாம் செய்துகொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவைக்கிறோம்: "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லுமுன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

அப்படிப்பட்ட இரவில் நேராகவே கேளுங்கள்: "சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். தனியாக விடாதீர்கள். தோட்டக் கொட்டகையில் இருக்கும் களைக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். உண்மையில் அவை என்றைக்குமே பூட்டுக்குள்தான் இருக்கவேண்டும். தோட்டப்புறத்தில் எத்தனை வீடுகளில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி உயிர் பறித்தது என்பது நமக்குத் தெரியாததா? அதை மலேசியா தடை செய்தது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான்.

தஞ்சோங் ரம்புத்தான் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1911ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அதன் இன்றைய பெயரில் இருக்கும் "பஹாகியா" என்ற சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். அங்கே போய் மருந்து சாப்பிட்டு, திரும்பி வந்து, செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அதுபோல், தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்குப் போடும் என்ற பயமும் இன்று தேவையில்லை. அந்தச் சட்டப்பிரிவு 309, 2023ல் நீக்கப்பட்டுவிட்டது. அருகில் யாரும் கிடைக்காவிட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பின் எண் 03-76272929. இந்த இரண்டையும் இல்லத்துத் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

*

கேள்வி: தீபாவளிக்கு வீட்டுக்குப் போன ஒருவர் ஹெரோயின் எடுத்துவிட்டு வந்தார். விதியை மீறினார் என்று அன்றிரவு ஒன்பது மணிக்குப் பையைக் கையில் கொடுத்து பஸ் நிலையத்தில் விட்டுவிட்டோம். சரிதானா என்று மனம் உறுத்துகிறது.
– உதவி ஆலோசகர், நெகிரி செம்பிலான்

பதில்: உறுத்துவது நல்ல அறிகுறி. அந்த உறுத்தலைப் பொறுப்பாளரிடம் கொண்டு போங்கள்.

இருமல் வந்தவரை இருமினார் என்பதற்காகக் காசநோய் வார்டிலிருந்து வெளியேற்றினால் நாம் ஏற்போமா? அவர் எந்த நோய்க்காக உள்ளே வந்தாரோ அதே நோய்தான் தீபாவளியன்று தலைதூக்கியது. மற்ற இல்லவாசிகளின் பாதுகாப்பும் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லத்துக்குள் போதைப்பொருளைக் கொண்டுவந்தவர், அடித்தவர் ஆகியோரை வைத்திருக்க முடியாத நிலை வரும். அப்போதும் அனுப்புவது பகல் நேரத்தில், போகும் இடம் தெரிந்து, அழைத்துப் போக ஒருவர் வந்து, அடுத்த மருத்துவச் சந்திப்புக்கான தேதி கையில் இருந்து நடக்கவேண்டும்.

இதில் உயிராபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. சில மாதம் ஹெரோயினைத் தொடாமல் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மனம் மட்டும் பழைய அளவையே கேட்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். அதனால்தான் வெளியே போன முதல் வாரங்கள் மிக ஆபத்தானவை. இதை ஒவ்வொருவரிடமும், "நான் இனித் தொடவே மாட்டேன்" என்று கோவில் விபூதி பூசிக்கொண்டு சொல்பவரிடமும், போகுமுன் சொல்லியாக வேண்டும். சொன்னால் தூண்டியதாகிவிடும் என்று சில இல்லங்களில் தயங்குகிறார்கள். தயங்கி, நாங்கள் ஒருவருக்கு மாலை போடப் போனோம். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மெத்தடோன் (ஹெரோயின் ஏக்கத்தை அடக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருப்பவரிடம் "அதுவும் போதைதான், விட்டால்தான் சேர்ப்போம்" என்று சொல்லும் பழக்கமும் ஒழியவேண்டும். 2005லிருந்து நம் நாட்டில் டாக்டர்கள் கொடுத்துவரும் சிகிச்சை அது. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

*

கேள்வி: ஓர் இல்லவாசி என் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார். இன்னொருவர் டாப்-அப் போடப் பத்து வெள்ளி கேட்கிறார். கொடுத்தால் என்ன?
– புதிய ஆலோசகர், சிலாங்கூர்

பதில்: இரண்டும் வேண்டாம். பத்து வெள்ளி கொடுத்தவரிடம் அவர் நாளைக்கு உண்மையைச் சொல்லக் கூச்சப்படுவார். கொடுக்கப்படாத மற்ற பதினேழு பேரும் அன்றைக்கே தெரிந்துகொள்வார்கள். இல்லத்தில் இரகசியமான உதவி என்று எதுவும் இல்லை. தேவை உண்மை என்றால் அலுவலகம் வழியாக, எல்லோருக்கும் ஒரே முறையில் கிடைக்கட்டும். எண் கேட்டால் இல்லத்து எண்ணைக் கொடுங்கள். முகநூல் நட்பும் இதில் அடங்கும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனிமையில் இருப்பவர் தம் பேச்சைக் கேட்பவர் மீது அன்பு வைப்பது இயல்பு. கடிதம்கூட எழுதுவார். கேலி செய்யாதீர்கள், மறைக்காதீர்கள், அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பதிலுக்கு நெருங்குவது மட்டும் எந்நாளும் கூடாது. அவர் வெளியே போன பிறகும் கூடாது. அவருடைய பலவீனம் அத்தனையும் உங்களுக்குத் தெரியும். உங்களுடையது எதுவும் அவருக்குத் தெரியாது.

*

கேள்வி: ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்திருக்கிறேன். "ஆலோசகர்" என்று பெயர்ப்பலகை வைக்கலாமா?
– கோலகங்சார்

பதில்: கூடாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580ன்படி, மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். உங்கள் படிப்பு வீணில்லை. உதவியாளராகச் சேர்ந்து, பதிவு பெற்றவரின் கீழ் வேலை செய்துகொண்டே மேலே படியுங்கள்.

*

கேள்வி: இல்லத்தை விட்டுப் போனவரை இரவுச் சந்தையில் பார்த்தால் நலம் விசாரிக்கலாமா? சிறிய ஊர், பார்க்காமல் இருக்க முடியவில்லை.
– ஒரு ஆலோசகர், பீடோர்

பதில்: போகுமுன் கடைசிச் சந்திப்பிலேயே பேசி வையுங்கள். "வெளியில் பார்த்தால் நானாகப் பேசமாட்டேன். அது உங்களைத் தெரியாததால் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசினால் பேசுவேன்" என்று நான் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன்.

ஒருவரை அப்படி ஐந்தாறு ஆண்டுகள் சந்தையில் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் காய்கறிக் கடைக்காரரிடம் விலை கேட்கத் தொடங்கிவிடுவார். நான் நடையை நிறுத்தாமல் போய்விடுவேன். பிறகு ஒரு சனிக்கிழமை, மனைவியோடும் ஒரு சிறுமியோடும் எதிரே வந்தவர் தாமாகவே நின்றார். "இவர் எனக்குத் தெரிந்த டீச்சர்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா கைகூப்பினார். நானும் வணக்கம் சொல்லிவிட்டு, பாப்பா எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டேன். இரண்டாம் வகுப்பு என்றார்.